ஆட்டிப் பார்த்து அறிதல்

பால் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு எண்கள் தூக்கத்திலும் மறக்காது: 72 டிகிரி செல்சியஸ், 15 விநாடி. குழாயில் ஓடும் பால் குறைந்தது அந்தச் சூட்டில், குறைந்தது அவ்வளவு நேரம் இருந்தாக வேண்டும். சூடு அதற்குக் கீழே இறங்கிவிட்டால் திசைமாற்று வால்வு தானாகவே திரும்பிக்கொண்டு, பாலை மறுபடி சூடாக்குவதற்குத் தொட்டிக்கே அனுப்பிவிடும். பால் கெடாது, ஆனால் வேலை நின்றுவிடும்.

இந்தத் தொல்லை வேண்டாமென்று ஆபரேட்டர் செட்பாயின்ட்டை, அதாவது பிடித்துவைக்க வேண்டிய சூட்டை, கொஞ்சம் ஏற்றி வைக்கிறார். சூடு மேலும் கீழும் இரண்டு டிகிரி ஆடுகிறது என்றால் 75-இல் வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. ஆட்டம் அரை டிகிரிக்குள் அடங்கிவிட்டால் 73 போதும். நடுவிலுள்ள அந்த இரண்டு டிகிரிக்கு நாள் முழுக்க நீராவி செலவாகிறது. தகடுகளில் பால் படிவதும், காய்ச்சிய வாடை ஏறுவதும் சூட்டோடு கூடிக்கொண்டே போகும். காகித ஆலையில் ஈரப்பதம், சிமென்ட் ஆலையில் சூளையின் சூடு, சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெயின் தரம் என்று எதை எடுத்தாலும் கணக்கு இதுதான். வரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் துணிந்து நிற்கலாம் என்பதை ஆட்டத்தின் அளவு முடிவு செய்கிறது. அந்த ஆட்டத்தை அடக்கும் லூப் டியூனிங் என்ற வேலையைச் சில்லறை வேலையாக நினைக்கும் மேலாளர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தக் கணக்கைத்தான்.

நீராவி வால்வை எவ்வளவு திறப்பது என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பது பிஐடி கட்டுப்படுத்தி. அது ஓயாமல் மூன்று கணக்குகள் போடுகிறது. இந்த நொடியில் சூடு எவ்வளவு குறைகிறது என்பது முதல் கணக்கு (விகிதம்). இதுவரை சேர்ந்துவிட்ட குறை எவ்வளவு என்பது இரண்டாவது (தொகையிடல்). குறை எந்த வேகத்தில் மாறிக்கொண்டிருக்கிறது என்பது மூன்றாவது (வகையிடல்). மூன்றையும் தனித்தனி எண்ணால் பெருக்கிக் கூட்டினால் வால்வுக்கான கட்டளை கிடைத்துவிடும். இதை முதலில் தெளிவாக எழுதிக் காட்டியவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பொறியாளர் நிக்கோலஸ் மைனார்ஸ்கி. 1922-இல் வெளியான அவருடைய கட்டுரை கப்பலைத் தானாகச் செலுத்துவது பற்றியது. தேர்ந்த சுக்கான்காரர் கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் கணக்கில் கொள்கிறார் என்பதை அவர் கவனித்திருந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் சோதனையும் நடந்தது.

சமன்பாடு ஒரே வரிதான். சிக்கலெல்லாம் அந்த மூன்று பெருக்கும் எண்களில் இருக்கிறது. நீராவி வால்வைத் திறந்த உடனே பாலின் சூடு ஏறுவதில்லை. நீராவி முதலில் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். அந்தச் சுடுநீர் தகடுகளின் வழியாகப் பாலைச் சூடாக்க வேண்டும். பால் வெப்பமானி இருக்கும் இடம்வரை ஓடி வர வேண்டும். ஆக, கட்டுப்படுத்தியின் கைக்கு எப்போதும் பழைய செய்திதான் வந்து சேர்கிறது. பழைய செய்தியை நம்பி வால்வை ஓங்கித் திறந்தால், திறந்ததன் பலன் வந்து சேர்வதற்குள் மேலும் திறந்துவிடும். பிறகு சூடு எகிறும், வால்வை மூடும், மறுபடி அளவுக்கு மீறி மூடும். ஆலையில் இதை ஹண்டிங் என்பார்கள். பயந்துகொண்டு மெல்லத் திறந்தாலோ, பாலின் வரத்து மாறும்போது சூடு விழுந்து வெகுநேரம் எழாமல் கிடக்கும். எவ்வளவு ஓங்கலாம் என்பது அந்தத் தாமதத்தைப் பொறுத்தது. அளக்கும் கருவி, கட்டுப்படுத்தி, வால்வு மூன்றும் சேர்ந்த சுற்றே லூப்; தாமதம் லூப்புக்கு லூப் வேறு. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் லூப் சில நொடிகளில் பதில் சொல்லிவிடும். காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் மேல்தட்டுச் சூடு பதில் சொல்ல ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய ஆலையில் இப்படிப்பட்ட லூப்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்களை யார் உட்கார்ந்து தேடுவது? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனிவெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் 11,000-க்கும் மேற்பட்ட லூப்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அவற்றில் 97 விழுக்காடு பிஐடி வகை. நன்றாகவோ ஏற்கும்படியாகவோ ஓடியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. இன்னொரு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மேனுவலில் கிடந்தன. இதற்கு ஆபரேட்டரைக் குறை சொல்லக்கூடாது. ஆட்டோவில் போட்டால் ஆடிக்கொண்டே இருக்கும் லூப்பை மேனுவலுக்கு மாற்றிவிட்டுத் தன் கையால் பார்த்துக்கொள்வது, இரவு ஷிப்டில் தனியாக நிற்பவர் செய்யக்கூடிய நியாயமான காரியம்தான்.

எண்களைத் தேடுவதற்கு ஒரு வழிமுறை தந்தவர்கள் ஜான் சீக்லரும் நதானியேல் நிக்கல்ஸும். இருவரும் நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரில் இருந்த டெய்லர் கருவி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அந்நிறுவனத்தின், காற்றழுத்தத்தால் இயங்கிய ஃபுல்ஸ்கோப் கட்டுப்படுத்தியில் 1940-ஐ ஒட்டி மூன்று செயல்களையும் திருகித் திருத்தும் வசதி வந்துவிட்டது. திருகு இருக்கிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, வாங்கியவர்கள் திணறினார்கள். 1942-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை அதற்கு விடை சொன்னது. தொகையிடல், வகையிடல் இரண்டையும் அணைத்துவிட்டு, விகிதப் பெருக்கத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் லூப் தேயாமலும் வளராமலும் சீராக ஆடத் தொடங்கும். அந்த விளிம்பில் இரண்டே எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்: அப்போதைய பெருக்கம், ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம். பெருக்கத்தில் 0.6 பங்கு விகிதச் செயலுக்கு, ஆட்ட நேரத்தில் பாதி தொகையிடலுக்கு, எட்டில் ஒரு பங்கு வகையிடலுக்கு.

மூன்று எண்களைத் தேடும் வேலையை அவர்கள் இரண்டு எண்களை அளக்கும் வேலையாக மாற்றிவிட்டார்கள். ஆலைக்குள் நடக்கும் வேதியியலும் வெப்பவியலும் தெரியாதவரும் அளக்கலாம். லூப்பின் இயல்பு முழுவதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, அது எந்த விளிம்பில் நிலைகுலைகிறது என்று தெரிந்தால் போதும் என்பதே அவர்கள் கண்டது. கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதைவிட அழகான சுருக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஓடுகிற ஆலையில் அதைச் செய்து பார்ப்பது வேறு கதை. ஒவ்வொரு முறை பெருக்கத்தைக் கூட்டிய பிறகும் பல ஆட்டங்கள் பொறுத்திருந்து, தேய்கிறதா வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவான லூப்பில் ஒரு முயற்சிக்கே அரைநாள் போய்விடும். விளிம்பு எங்கே இருக்கிறது என்பது அதைத் தாண்டிய பிறகுதான் தெரியும். தாண்டினால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். எவ்வளவு பெரிதாக ஆடும் என்பது உங்கள் கையில் இல்லை. கொதிகலன் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தத் தயக்கத்தைப் போக்கியவர்கள் ஸ்வீடனின் லுண்ட் நகரத்துப் பேராசிரியர் கார்ல் யோஹான் ஓஸ்ட்ரமும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் டூரே ஹெக்லுண்டும். 1984-இல் வெளியான அவர்களுடைய வழி, அறையைக் குளிரூட்டும் சாதாரணத் தெர்மோஸ்டாட் செய்வதையே செய்கிறது. கட்டுப்படுத்தியைச் சற்று நேரம் விலக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரிலேயை வைக்கிறார்கள். சூடு செட்பாயின்ட்டுக்குக் கீழே இருந்தால் வால்வை ஒரு படி கூடுதலாகத் திற. மேலே இருந்தால் ஒரு படி குறைத்துவிடு. ரிலேக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பால் ஆலையிலேயே இதை வைத்துப் பார்ப்போம். பால் விடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சுழலவிட்டு இயந்திரத்தைச் சூடேற்றும் நேரம் இதற்கு வசதி. சூடு 72-இல் நிலையாக நிற்க வால்வு 40 விழுக்காடு திறந்திருக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிலே சோதனையைத் தொடங்கும் ஆட்டோ டியூன் பொத்தானை அழுத்தியதும் வால்வு 50-க்குப் போகிறது. சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு சூடு ஏறி 72-ஐத் தாண்டும். தாண்டிய கணமே வால்வு 30-க்கு இறங்கும். ஆனாலும் முன்பு விட்ட நீராவியின் சூடு வழியிலேயே இருக்கிறதே, அதனால் சூடு இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் திரும்பும். கீழே 72-ஐக் கடந்ததும் வால்வு மறுபடி 50. திரையில் வால்வின் கோடு சதுரம் சதுரமாகவும், சூட்டின் கோடு அதற்கு எதிர்ப்பக்கமாக வளைந்து வளைந்தும் போகும். மூன்று நான்கு ஆட்டங்களுக்குள் அது ஒரே அளவாக அமைந்துவிடும்.

இப்போது அளக்கலாம். சூடு நடுக்கோட்டிலிருந்து 1 டிகிரி மேலும் கீழும் போகிறது, ஓர் ஆட்டத்துக்கு 40 நொடி ஆகிறது என்று வையுங்கள். சதுர அலையில் பொதிந்திருக்கும் அடிப்படை அலையின் வீச்சு, சதுரத்தின் வீச்சைப் போல 4-இன் கீழ் பை மடங்கு, அதாவது சுமார் 1.27 மடங்கு. வால்வின் வீச்சு 10, ஆகவே 12.7-ஐ 1 டிகிரியால் வகுத்தால் விளிம்புப் பெருக்கம் கிடைத்துவிடுகிறது: டிகிரிக்கு 12.7 விழுக்காடு. சீக்லர், நிக்கல்ஸ் விதிப்படி விகிதப் பெருக்கம் 7.6, தொகையிடல் நேரம் 20 நொடி, வகையிடல் நேரம் 5 நொடி. வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது. (இந்த எண்களை வேறொரு நிறுவனத்தின் கருவியில் அப்படியே அடித்துவிடக் கூடாது. சில கருவிகள் பெருக்கத்துக்குப் பதில் விகிதப் பட்டை கேட்கும், சில 20 நொடிக்குப் பதில் நிமிடத்துக்கு 3 என்று கேட்கும். அலகைப் பார்க்காமல் நகலெடுத்துக் கெட்ட லூப்கள் ஏராளம்.)

ரிலே ஏன் சரியாக அந்த விளிம்பில் போய் நிற்கிறது? அது எப்போதும் சூட்டுக்கு எதிராகத் திருப்புகிறது. லூப்பின் தாமதம் ஆட்டத்தில் சரிபாதி நேரத்துக்குச் சமமாகும் வேகத்தில் அந்த எதிர்ப்பு தள்ளுதலாக மாறிவிடுகிறது. ஆட்டம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் ஒரே வேகம் அது. 1942-இல் திருகைத் திருகித் தேடிய வேகமும் அதுவே. வித்தியாசம் அளவில் இருக்கிறது. ரிலேயின் படி 10 விழுக்காடு என்றால் ஆட்டம் அதற்குமேல் வளர வழியே இல்லை. 1 டிகிரி அதிகம் என்று தோன்றினால் படியை 5-ஆக வைத்துக்கொள்ளலாம். சூட்டின் ஆட்டமும் பாதியாகும். ரிலே அமைப்புகளின் கணிதம் அப்போது புதிதல்ல, சோவியத் அறிஞர் யாகவ் சிப்கின் 1950-களிலேயே அதைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். ஆட்டத்தை ஒழிக்க வேண்டிய நோயாகவே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டது லுண்ட்காரர்களின் துணிவு.

இதில் ஓஸ்ட்ரமின் பின்னணி முக்கியம். 1960-களின் தொடக்கத்தில் அவர் ஐபிஎம்மின் நோர்டிக் ஆய்வகத்தில் இருந்தபோது, பில்லெரூட் நிறுவனத்தின் காகித ஆலையைக் கணினியால் கட்டுப்படுத்தும் திட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு 1973-இல் பியோர்ன் விட்டன்மார்க்குடன் சேர்ந்து, ஓடிக்கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும் கட்டுப்படுத்தியின் கோட்பாட்டை எழுதினார். அந்தக் காலத்துப் பெரிய கனவு அதுதான்: ஒருமுறை பூட்டிவிட்டால் போதும், ஆலை மாற மாற அதுவே கற்றுக்கொள்ளும். ஆனால் அந்தக் கட்டுப்படுத்தியைத் தொடங்கிவைக்கவே லூப்பின் வேகம் பற்றி ஓரளவு முன்னறிவு தேவைப்பட்டது. ரிலே சோதனை அந்த முன்னறிவைத் தருவதற்கு வந்த சிறிய துணைக்கருவி. ஆலைக்காரர்கள் துணைக்கருவியைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று கடையில் வாங்கும் சிறிய வெப்பக் கட்டுப்படுத்தியில்கூட ஆட்டோ டியூன் இருக்கிறது. அவற்றில் பல ஆன்-ஆஃப் ஆட்டத்தை அளந்து பார்க்கும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஏன் பெரிய கனவைவிடச் சிறிய கருவி வென்றது என்பதற்கு ஆழமான காரணம் உண்டு. நன்றாகக் கட்டுப்பட்டு அசையாமல் நிற்கும் லூப் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. வால்வும் நகரவில்லை, சூடும் நகரவில்லை என்றால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவை எதிலிருந்து கணக்கிடுவது? மிருதங்கத்தைத் தட்டாமல் சுருதி பார்க்க முடியாது. ஓயாமல் கற்றுக்கொள்ளும் கட்டுப்படுத்தி, ஆலை அமைதியாக இருக்கும் நேரங்களில் அளவீட்டு இரைச்சலைப் பாடமாக எடுத்துக்கொண்டு, தன் எண்களை மெல்ல மெல்லக் கெடுத்துக்கொள்ளும். பிறகு திடீரென்று லூப் குலுங்கும். அந்தக் குலுக்கலிலிருந்து சரியான எண்களை மறுபடி கற்கும். மறுபடி அமைதி, மறுபடி கெடுதல். கட்டளையிடுவதும் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இரண்டு வேலைகள் என்று சோவியத் அறிஞர் அலெக்சாண்டர் ஃபெல்ட்பாம் 1960-இலேயே எழுதிவிட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாமல், சில நிமிடம் தட்டிப் பார்த்து, எண்களைப் பூட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது ரிலே முறையின் விவேகம். 1984-ஐ ஒட்டி ஃபாக்ஸ்பரோ நிறுவனம் வெளியிட்ட எக்ஸாக்ட் கட்டுப்படுத்தி வேறு பாதையில் போனது: தானாக ஆட்டாமல், இயல்பாக வரும் குலுக்கலுக்காகக் காத்திருந்து, அதன் அலை வடிவத்தைப் பார்த்து எண்களைத் திருத்தியது. குலுக்கல் வராத நாளில் அதற்கும் பாடம் இல்லை.

விளிம்பிலேயே குடியிருப்பதன் ஆபத்துக்கு வானத்தில் ஒரு துயரமான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானங்களில் மூன்றாவதற்கு, ஹனிவெல் தயாரித்த எம்எச்-96 என்ற தகவமைக் கட்டுப்படுத்தியைப் பொருத்தியிருந்தார்கள். சிறிய நடுக்கம் தோன்றும்வரை பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போய், அந்த விளிம்பிலேயே பறக்கும்போதெல்லாம் நிற்பது அதன் வழி. 1967 நவம்பர் 15 அன்று மேஜர் மைக்கேல் ஆடம்ஸ் ஓட்டிச் சென்ற அந்த விமானம் மேல்வானில் திசை பிசகிச் சுழலத் தொடங்கியது. மின்கோளாறு, விமானிக்கு ஏற்பட்ட திசை மயக்கம் என்று காரணங்கள் பல. சுழலிலிருந்து விமானம் மீண்டு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு கட்டுப்படுத்தியின் நடுக்கம் பெரிதாகி, வால்பகுதிக் கட்டுப்பாட்டுப் பரப்புகளைத் திருப்பும் இயந்திரங்கள் தங்கள் வேக எல்லையை எட்டிவிட்டன; பெருக்கத்தைக் குறைக்க வேண்டிய அமைப்பு குறைக்கவில்லை. விமானம் உடைந்து சிதறியது, ஆடம்ஸ் இறந்தார்.

சரி, பொத்தானை அழுத்தினால் எல்லாம் முடிந்ததா? இல்லை. ரிலே சோதனை தருவது லூப்பைப் பற்றிய உண்மை. லூப் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அது சொல்லாது. சீக்லர், நிக்கல்ஸ் விதி ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும் என்று குறிவைத்தது. அது குலுக்கலை விரைவாக எதிர்க்கும், ஆனால் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் அடங்கும். பால் சூட்டுக்கு அது எனக்குப் பிடிக்காது. பெருக்கத்தைப் பாதியாக்கி வைப்பேன். நார்வேயின் சிகுர்ட் ஸ்கோகஸ்டாட் 2003-இல் தந்த எளிய விதிகள் போன்றவை எவ்வளவு நிதானம் வேண்டும் என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. இன்றைய கருவிகள் பலவற்றில் வேகம், நடுத்தரம், நிதானம் என்று கேட்பதும் அதைத்தான்.

இன்னொரு வகை லூப்பில் ஆட்டோ டியூனை அழுத்தவே கூடாது. இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் இடைத்தொட்டி கட்டுவார்கள்; முன்பகுதியின் ஏற்ற இறக்கத்தை விழுங்கிக்கொண்டு, பின்பகுதிக்குச் சீரான ஓட்டத்தைத் தருவதற்காக. அதன் நீர்மட்டம் ஏறி இறங்குவதுதான் அதன் வேலை. ஆட்டோ டியூன் அந்த மட்டத்தை 50 விழுக்காட்டில் அப்படியே பிடித்துவைக்கும் எண்களைத் தரும். மட்டத்தின் கோடு திரையில் நேர்க்கோடாகப் போகும், வரும் குலுக்கல் முழுவதும் அப்படியே அடுத்த பிரிவுக்குப் போய்ச் சேரும். தொட்டி கட்டிய காசு வீண்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது வால்வு. ஒழுகல் நிற்கட்டும் என்று, வால்வுத் தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் தண்டு ஒட்டிக்கொள்ளும். கட்டளை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், வால்வு அசையாது; ஒரு கட்டத்தில் பிய்த்துக்கொண்டு குதித்து, வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும். தொகையிடல் அதைத் திருப்பத் தொடங்கும், மறுபடி ஒட்டும், மறுபக்கம் குதிக்கும். திரையில் இது தவறான டியூனிங் போலவே தெரியும். டியூன் செய்தால் ஆட்டத்தின் வேகம் மாறுமே தவிர ஆட்டம் போகாது. ஓட்ட லூப்பில் இதற்கு அடையாளம் உண்டு: ஓட்டத்தின் கோடு சதுரமாகவும், கட்டளையின் கோடு ரம்பப் பல் போலவும் போகும். ஒட்டும் வால்வில் ரிலே சோதனை செய்தால், சிறிய படிக்கு வால்வு பாதிதான் நகரும். கணக்கில் வரும் பெருக்கம் பொய்யாக இருக்கும்.

அதனால் பொத்தானுக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. லூப்பை மேனுவலில் போட்டுவிட்டு ஆட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் நோய் வேறெங்கோ இருக்கிறது, வேறொரு லூப்பிலிருந்து ஆட்டம் வந்துகொண்டிருக்கிறது. நின்றால், கட்டளையை அரை அரை விழுக்காடாக ஒரே திசையில் கூட்டி, அளவீடு எப்போது அசைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதேபோல் எதிர்த்திசையில் குறைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு படிகளில் அசைந்தால் வால்வு நலம், ஆட்டோ டியூன் தரும் எண்களை நம்பலாம். ஆறேழு படி போன பிறகும் அளவீடு அசையாமல் இருந்து, சட்டென்று குதித்தால், மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தண்டையும் பேக்கிங்கையும் பொசிஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள். டியூனிங் அடுத்த ஷிப்டுக்குத் தள்ளிப்போகட்டும்.